வீட்டில் கொரோனா நோயாளி: லேசானதா, மிதமானதா என்று கண்டுகொள்ள முழுமையான வழிகாட்டி

வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைப் போனில் விசாரித்து, காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் இவற்றை அளவெடுப்பது எப்படி என்று அவர்களுடைய குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் வீட்டிலேயே குணமாகிவிடுகிறார்கள். லேசாக இருந்த நோய் மிதமானதாக மாறும் அந்த ஒன்றிரண்டு நாட்களைத்தான் குடும்பத்தார் தவறவிடுகிறார்கள். கருவியும் இருக்கும், அக்கறையும் இருக்கும், ஆனாலும் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். அவரிடம் எப்போது போவது, என்ன விவரத்தோடு போவது என்பதற்குத்தான் இது.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி), அதற்கு ஒரு ஜோடி புது பேட்டரி, விநாடி காட்டும் கடிகாரம் அல்லது போன், ஒரு நோட்டு, பேனா. மருந்தில் பாரசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் போதும். சுகர் உள்ளவர் என்றால் குளுக்கோமீட்டரும், ஸ்ட்ரிப் தீர்ந்துவிடவில்லை என்ற உறுதியும் வேண்டும்.

ஆக்சிமீட்டரை முதலில் வீட்டில் நன்றாக இருக்கும் ஒருவர் விரலில் மாட்டிப் பாருங்கள். 96 முதல் 99 வரை காட்டினால் பெரும்பாலும் சரி. அவருக்கே 90 காட்டினால் பேட்டரியோ கருவியோ சரியில்லை. இதை நடுராத்திரியில் நோயாளி விரலில் கண்டுபிடித்தால் வீடே பதறிவிடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று எண்களை எழுதுங்கள்: உங்கள் டாக்டர், 104, 108. தமிழ்நாட்டில் 104 மருத்துவ ஆலோசனைக்கு, 108 ஆம்புலன்சுக்கு. ராத்திரியில் கிளம்ப வேண்டி வந்தால் யார் வண்டி எடுப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

2. நோயாளி யார் என்பதை எழுதுங்கள்

வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மருந்து ஒவ்வாமை, தடுப்பூசி கடைசியாக எப்போது, கர்ப்பம் என்றால் எத்தனையாவது மாதம். நோய் வருவதற்கு முன்பு அவருடைய வழக்கமான சுகர், பிரஷர், ஆக்சிஜன் அளவு தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

இது ஏன் இரண்டாவது படி? பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் பொருள் ஆளைப் பொறுத்து மாறும். நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவருக்கு 92 என்பதே வழக்கமான அளவாக இருக்கலாம். அதே 92 முப்பது வயது இளைஞருக்கு வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நோய் முற்றினாலும் நாடித்துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது. ‘பல்ஸ் நார்மலா இருக்கே’ என்று அவர் விஷயத்தில் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

3. முதல் நாளைச் சரியாகக் குறியுங்கள்

புதிதாகப் பார்த்துக்கொள்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. டெஸ்ட் எடுத்த நாளையோ ரிசல்ட் வந்த நாளையோ முதல் நாள் என்று எண்ணிவிடுகிறார்கள். முதல் அறிகுறி தெரிந்த நாள்தான் முதல் நாள். தொண்டை கரகரப்போ, உடம்பு வலியோ, காரணம் தெரியாத அசதியோ எதுவாக இருந்தாலும் சரி.

திங்கள்கிழமை உடம்பு வலி, புதன்கிழமை காய்ச்சல், வியாழன் டெஸ்ட், வெள்ளி ரிசல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அவருக்கு ஐந்தாம் நாள். வீட்டில் எல்லோரும் ‘இன்னிக்குத்தானே வந்திருக்கு’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் மோசமாகிறது. 2021 கோடையில் டெல்டா அலையின்போது முதல் வாரம் சாதாரணமாக ஓட, வார முடிவில் மூச்சு வாங்கத் தொடங்கியதை ஊர் ஊராகப் பார்த்தோம். நாள் கணக்கு பிசகினால் கவனம் அதிகம் தேவைப்படும் நாட்களில் அசந்திருப்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் போன்றோருக்கு டாக்டர் தரக்கூடிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை அறிகுறி தொடங்கி 5 நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று இரண்டு நாள் தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

4. டெஸ்ட்

வீட்டிலேயே எடுக்கும் ஆன்டிஜன் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தும் அறிகுறி இருந்தால் நம்பாதீர்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள், அல்லது ஆர்டி-பிசிஆர் எடுங்கள். அதுவரை தனியாகவே இருக்கட்டும். ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட்டில் வரும் சி.டி. வேல்யூ (எத்தனையாவது சுற்றில் வைரஸ் தெரிந்தது என்ற எண்) நோயின் கடுமையைக் காட்டாது. அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் நம் ஊரில் டெங்குவும் கூடவே சுற்றுகிறது. மூக்கொழுகலோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி என்றால் டெங்கு டெஸ்டையும் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே வரவும் வாய்ப்புண்டு.

5. லேசானது, மிதமானது: கோடு எங்கே?

இந்திய மருத்துவ வழிகாட்டுதலின்படி, காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, வாசனை தெரியாமை இவற்றில் எது இருந்தாலும், மூச்சு வாங்காமல் ஆக்சிஜன் 94 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது லேசானது. ஆக்சிஜன் 90 முதல் 93 வரை இறங்கினாலோ, மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் போனாலோ மிதமானது. 90க்குக் கீழே, அல்லது மூச்சு 30க்கு மேல் என்றால் கடுமையானது.

இதில் காய்ச்சலின் அளவு எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 103 டிகிரி காய்ச்சலோடு லேசான நோயாகவும் இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல் மிதமான நோயாகவும் இருக்கலாம். தெர்மாமீட்டரைப் பார்த்தே முடிவெடுக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. கொரோனாவில் முடிவைச் சொல்வது மூச்சுதான்.

மிதமானது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை இல்லை. அது தொடங்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் அடுத்த படி.

6. அளவெடுக்கும் வரிசை

காலை, மாலை என்று குறைந்தது இரண்டு வேளை, அதே நேரத்தில் எடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து நான்கு வேளை. 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு தொடங்குங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்தவுடனோ, இருமி முடித்தவுடனோ எடுத்த அளவு தவறாக இருக்கும்.

முதலில் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சோ வயிறோ ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு பிசகினாலும் கணக்கு நான்கு மாறிவிடும். எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சை இழுத்து இழுத்து விடுவார். இதை முதலில் வைப்பதும் அதனால்தான்: கருவியை விரலில் மாட்டிய பிறகு எல்லோருக்கும் மூச்சின் மேல் கவனம் போய்விடுகிறது.

அடுத்து காய்ச்சல். பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன் பாருங்கள். வாயில் வைப்பதாக இருந்தால் காபியோ வெந்நீரோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். அக்குளில் வைத்தால் அளவு சற்றுக் குறைவாகக் காட்டும், அதனால் தினமும் ஒரே இடத்தில் வையுங்கள்.

அப்புறம் ஆக்சிமீட்டர். மருதாணி, நெயில் பாலிஷ் உள்ள விரல் வேண்டாம். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். மாட்டியவுடன் தெரியும் எண்ணைப் படித்துவிட்டுப் பதறுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. திரையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. ‘ஆக்சிஜன் 88’ என்று அழுதுகொண்டே பேசியவர்கள் நாடித்துடிப்பைப் படித்ததுண்டு. அதைவிட ஆபத்தானது, ஆக்சிஜன் 88ஐ நாடி என்று நினைத்துச் சும்மா இருப்பது. கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே 94, 95 என்று விளிம்பில் நிற்கும் எண்ணை முழுதாக நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக நடைச் சோதனை. உட்கார்ந்த நிலையில் 94க்கு மேல் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டியபடியே அறைக்குள் 6 நிமிடம் சாதாரணமாக நடக்கட்டும். 60 வயதைத் தாண்டியவர் 3 நிமிடம் நடந்தால் போதும். அளவு 94க்குக் கீழே போனாலோ, முன்பு இருந்ததைவிட 3 புள்ளி இறங்கினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நடக்கும்போது தலை சுற்றினால், மூச்சு வாங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே மூச்சு வாங்குபவர், இதய நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் இந்தச் சோதனை வேண்டாம். நுரையீரல் களைத்துப்போவது ஓய்வில் தெரிவதற்கு முன்பே நடையில் தெரிந்துவிடும் என்பதுதான் இதன் பயன்.

நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

5ஆம் நாள், காலை 8 மணி. மூச்சு 18. காய்ச்சல் 101. ஆக்சிஜன் 97, நடந்த பின் 96. மூன்று இட்லி. இருமல் நேற்றைப் போலவே.

6ஆம் நாள், காலை 8 மணி. மூச்சு 22. காய்ச்சல் 99. ஆக்சிஜன் 95, நடந்த பின் 92. ஒரு இட்லி, அதுவும் பாதியில் வைத்துவிட்டார். ‘அசதியா இருக்கு’ என்கிறார்.

காய்ச்சல் மட்டும் பார்க்கிற வீட்டில் ஆறாம் நாள் சந்தோஷப்படுவார்கள். இந்தப் பக்கத்தைப் பார்க்கும் டாக்டர் உடனே வரச் சொல்வார். உட்கார்ந்த நிலையில் இன்னும் 95தான். ஆனால் மூச்சு, நடை, சாப்பாடு மூன்றும் ஒரே திசையில் போகின்றன.

7. ஆளுக்கு ஆள் அறிகுறி எப்படி மாறும்

வயதானவர்கள். காய்ச்சலும் இருமலும் இல்லாமலேயே வரலாம். திடீர்க் குழப்பம், நேரம் தெரியாமல் பேசுவது, பகலெல்லாம் தூக்கம், கால் தடுமாறி விழுவது, சாப்பாட்டைத் தள்ளிவைப்பது இவைதான் அவர்களிடம் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு பெரியம்மாவிடம் போனில் “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணும்... இல்லப்பா... நல்லாத்தான்... இருக்கேன்” என்றார். சொன்னது நல்ல பதில். சொன்ன விதம் சரியில்லை. மருமகளிடம் கேட்டபோது, முந்தின நாள் சாயங்காலம் சீரியல் கதை முழுக்க மூச்சு விடாமல் சொன்னவர் அவர் என்றார். அளந்து பார்த்தால் 91. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்றால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மறுபக்கமும் உண்டு: ஆக்சிஜன் இறங்கியும் சரளமாகப் பேசுகிறவர்கள் கொரோனாவில் நிறைய. பேச்சு நன்றாக இருக்கிறது என்று அளவெடுப்பதை நிறுத்திவிடக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள். இருமலைவிட அசதி, நாவறட்சி, அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கலாம். காய்ச்சல் வந்தாலே சுகர் ஏறும். தினமும் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பாருங்கள். ‘சாப்பிடவே இல்லையே, இன்சுலின் எதற்கு’ என்று தாமாக நிறுத்துவதும், வழக்கமான அளவை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுப்பதும், இரண்டுமே ஆபத்து. எவ்வளவு போடுவது என்று டாக்டரைக் கேளுங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர் சரியாகச் சாப்பிட முடியாமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது, சுகர் அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேக மூச்சு அதன் அடையாளம்.

கர்ப்பிணிகள். கடைசி மாதங்களில் மூச்சு வாங்குவது இயல்புதான், அதனால் கொரோனா மூச்சுத்திணறல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். முந்தின வாரம் எந்த வேலை செய்தபோது மூச்சு வாங்கியது, இப்போது எதற்கு வாங்குகிறது என்று ஒப்பிட்டுக் கேளுங்கள். இவர்களுக்கு 95க்குக் கீழே போனாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தால், ஆக்சிஜன் நன்றாக இருந்தாலும் உடனே போங்கள்.

குழந்தைகள். பெரும்பாலும் காய்ச்சல், மூக்கொழுகல், வாந்தி, வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஓமிக்ரான் வந்த பிறகு நாய் குரைப்பதுபோன்ற இருமலும் சில குழந்தைகளுக்குக் கூடவே வந்தது. பெரியவர்களின் மூச்சுக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. பிறந்து 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40, அதற்கு மேல் 30; இந்த எண்ணிக்கையையோ அதற்கு மேலோ தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும். தூங்கும்போது எண்ணுவது எளிது. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபடுகிறதா, 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா, பால் குடிக்க மறுக்கிறதா என்றும் பாருங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே காத்திருக்கக் கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்கள். வீசிங்கும் கொரோனா மூச்சுத்திணறலும் குழம்பும். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். வழக்கமாக எடுக்கும் பஃப் கேட்கவில்லை என்றால் அது ஆஸ்துமா மட்டும் இல்லை என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

தடுப்பூசி போட்ட, வேறு நோய் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு இப்போது பெரும்பாலும் தொண்டை வலி, சளி, தலைவலியோடு முடிந்துவிடுகிறது. முதல் அலைகளில் பரவலாக இருந்த வாசனை இழப்பு இப்போது குறைவு. ‘வாசனை தெரியுது, அப்போ கொரோனா இல்லை’ என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

8. கொடுக்க வேண்டியதும் கொடுக்கக் கூடாததும்

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கலில் வாங்கும் பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துத்தான் அளவு. சிரப் ஒரே பெயரில் வெவ்வேறு வீரியத்தில் வருகிறது, பாட்டில் மாறினால் மறுபடி கேளுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரினைத் தாமாக எப்போதும் கொடுக்கக் கூடாது.

கஞ்சி, ரசம் சாதம், இட்லி, மோர், எது இறங்குகிறதோ அது. வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அளவு ஏறி ஆபத்தாகிவிடும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள்.

ஸ்டெராய்டு மாத்திரையைத் தாமாகத் தொடவே கூடாது. பிரிட்டனில் 2020ல் நடந்த ரெக்கவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு உயிர் காத்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான். தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. லேசான நோயில் அதைச் சாப்பிட்டால் சுகர் எகிறும், எதிர்ப்புச் சக்தி குறையும். 2021ல் கருப்புப் பூஞ்சை பரவியதில் கட்டுப்பாடற்ற சுகரும் ஸ்டெராய்டும் சேர்ந்ததற்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து வாங்குவதால் வரும் விபரீதம் இது. ஆன்டிபயாட்டிக்கும் வைரசைக் கொல்லாது.

கபசுர குடிநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், ஆனால் அதை நம்பி அளவெடுப்பதை விட்டுவிடாதீர்கள். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், வைரசை ஒன்றும் செய்யாது. கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

9. கிளம்ப வேண்டிய நேரம்

ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கி, விரலை மாற்றிப் பார்த்தும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள். மூச்சு 24ஐத் தொட்டால், நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம் இருந்தால், உதடு நீலம் பாரித்தால், குழப்பம் வந்தால், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால் ஆக்சிஜன் அளவைக்கூடப் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாலும், மூன்று நாளைக்கு மேல் 101க்குக் குறையாமல் நின்றாலும் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைக்கலாம். நுரையீரலின் பின்பகுதி விரிந்து காற்று நன்றாகப் போகும். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, கணைக்காலுக்கு அடியில் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், தீவிர இதய நோயாளிகள், முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்பு முறிவு உள்ளவர்கள் இப்படிப் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இடது பக்கம் சாய்ந்து படுக்கட்டும்.

நோட்டு, மாத்திரை அட்டைகள், ஆதார், போன் சார்ஜர், மாற்றுத் துணி இவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். அட்மிஷனில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனையாவது நாள்?’ என்பதாகத்தான் இருக்கும்.

10. குணமான பிறகு

எத்தனை நாள் தனிமை என்ற விதி 2021ல் 10 நாள், 2022 ஜனவரியில் 7 நாள் என்று மாறியது. கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது இரண்டிலும் இருந்தது. பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இல்லாத நாள் அந்தக் கணக்கில் வராது. கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் அதிக நாள் தொற்றைப் பரப்பக்கூடும்; அவர்களுக்கு டாக்டர் சொல்லும் கணக்குதான்.

வறட்டு இருமலும் அசதியும் சில வாரம் நீடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் அந்த வாரங்களிலும் சுகர் பார்ப்பதை நிறுத்தக் கூடாது; கன்னத்தில் வலி, ஒரு பக்க முகவீக்கம், மூக்கில் கருப்பான சளி, பார்வை இரட்டையாகத் தெரிவது என்ற கருப்புப் பூஞ்சை அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், அல்லது திடீரென்று நெஞ்சு வலியோடு மூச்சு வாங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம், 108ஐ அழையுங்கள்.

குழந்தைகளுக்கு, கொரோனா வந்துபோய் 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல் வந்து, கூடவே கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி இருந்தால் புதிய சளிக்காய்ச்சல் என்று நினைக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் நோட்டோடு போங்கள். முன்பு கொரோனா வந்த தேதியை அவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.